ஆற்றுமணலில் ஓரிரவு

விடுமுறையில் மாணவர் சிலர் கூடிக் கொள்ளிடக்கரையில் ஓரிரவு தங்க விரும்புவர். விருப்பம் நன்றே. ஆயினும், இடந்தேரும்பொழுது தஞ்சை வானத்தை மட்டும் நோக்குதல் போதாது. ஈண்டு ஒரு துளியும் வீழாதிருக்க, ஆடித் திங்களில் குடகுமலையில் பொழியும் மழை மேட்டூர் அணையை நிரப்பிவிடும். 1934ஆம் ஆண்டில் முடிவுற்ற அவ்வணையின் நிறைமட்டம் 120 அடி. அதற்கு மிஞ்சிய நீர் முக்கொம்பை அடைந்ததும், பெரும்பகுதி கொள்ளிடத்திலேயே திருப்பப்படும். காவிரிக்கு வெள்ள வடிகால் அதுவேயன்றோ? மாலையில் உலர்ந்து கிடந்த மணல்திட்டு நள்ளிரவில் தீவாகும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் சிலவற்றையே அவ்வாற்றுநீர் பெயர்த்துச் சென்றது எனின், நம் கூடாரம் எம்மாத்திரம்! ஆதலின், வெள்ள அறிவிப்பு உண்டா என ஊராரை வினவி, திட்டை விடுத்துக் கரைமேட்டிலேயே பாய் விரித்தல் வேண்டும்.

கோடையில் மணலை முழங்கையாழம் தோண்டினால் ஊற்றுநீர் சுரக்கும். மணலை வரைமுறையின்றி அள்ளிய இடங்களில் இப்பேறு இல்லை. முதற்கலங்கலை இறைத்துவிட்டுத் தெளிந்த நீரைக் காய்ச்சிப் பருகுக. தஞ்சை நகரத்தார் பருகும் நீரும் கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்தே செல்கின்றது. ஆகவே, மலங்கழிப்போர் ஆற்றை விட்டு நெடுந்தொலைவு சென்று, குழி தோண்டி மண்ணால் மூடுதல் வேண்டும். சவர்க்காரமும் எச்சில் இலையும் நீரில் படலாகாது.

அடுப்பெரிக்க உதிர்ந்த சுள்ளியே போதும். நாணலை வெட்டற்க, அதன் வேரே கரைமண்ணைப் பிணித்து நிற்பது. புறப்படுமுன் தணல்மீது நீர் தெளித்து, சாம்பலைக் கிளறிப் பார்த்து, உள்ளே கனல் இல்லையென உறுதி செய்க.