கணக்கில் வராத கடற்பசு

மன்னார்க் கடலில் தொழில் செய்வோர் கடற்பசுவை அறிவர். ஆவுளியா என்றும் அதற்குப் பெயருண்டு. அது மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி. கடற்புல்லே அதன் உணவு. மூச்செடுக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி மாண்டுவிடும்.

ஒன்று மாண்டால் வேறொன்று பிறக்காதா என்று கேட்பீர்கள். பெண் கடற்பசு முதற்குட்டியை ஈன 6 முதல் 17 ஆண்டுகள் செல்லும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரு குட்டியையே ஈனும். அடுத்த குட்டிக்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே ஓர் இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் எடுக்கும்.

எஞ்சியவற்றை எண்ணுவதும் எளிதன்று. கலங்கிய நீரில் மூக்கு மாத்திரமே தெரியும். ஆதலால் ஆய்வாளர்கள் அது மேய்ந்த தடத்தைத் தேடுகின்றனர். புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால், கடலடியில் நீண்ட மணற்கோடு விழுந்திருக்கும். மீனவரிடமும் விசாரித்து அறிகின்றனர்.

1970ஆம் ஆண்டு முதல் இலங்கைச் சட்டம் கடற்பசுவைப் பாதுகாக்கிறது. ஆனால் தற்செயலாகச் சிக்கியதைக்கூட வம்புக்கு அஞ்சி மறைப்பவர் உண்டு. மறைத்த மரணம் கணக்கில் வராது. எந்த இடத்தில், எந்த வலையால் ஆபத்து என்பதும் தெரியாமற் போகும்.

அன்பான மீனவக் குடும்பத்தினரே, உயிரோடு சிக்கினால் வலையை அறுத்து விடுங்கள். இறந்து கிடந்தால் இடத்தையும் நாளையும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கடற்பசு மேயும் புற்படுகையிலேதான் உங்கள் இறாலும் நண்டும் வளர்கின்றன. அதைக் காப்பது உங்கள் பிள்ளைகளின் தொழிலையும் காப்பதாகும்.