மண்ணுக்கும் உணவு வேண்டும்

யூரியா போட்டால் சில நாளில் பயிர் பச்சை பிடிக்கும். அது பயிருக்கு உணவு. மண்ணுக்கு?

தொழு உரம் மண்ணுக்கும் உணவு. மண்புழு அதைத் தின்னும். மண் பொலபொலப்பாகும். மழைநீரைப் பிடித்து வைக்கும்.

கணக்கும் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து உள்ளது. அதற்கு ஈடாக ஏறக்குறைய 4 டன் தொழு உரம் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே மாடு என்றால் எங்கே போவது?

வடகிழக்கில் உள்ள சிக்கிம் மாநிலம் இயற்கை வேளாண்மைக்கு மாற 2003-ல் முடிவு செய்தது. முழுவதும் மாறியதாக அறிவிக்கப்பட்டது 2016-ல்தான். 13 ஆண்டுகள்! ஒரேயடியாக உரத்தை நிறுத்தினால் விளைச்சல் குறையும். கடன் ஏறும்.

முதலில் ஒரு வயலில் மட்டும் தொடங்குங்கள். சணப்பு விதையுங்கள். அதன் வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள்.