நாடி தாறுமாறாகத் துடிக்கிறதா?

பள்ளங்கியில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, கை விழுந்துபோனால் உடனே 108-ஐ அழைக்கணும். மூளை ரத்தக்குழாயில் அடைத்த உறைவைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன். மலை இறங்கவே பாதி நேரம் ஓடிடும். அதனால் ஆபத்தை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அந்த உறைவு பல சமயம் இதயத்திலிருந்தே கிளம்பி வருகிறது. இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்கினால், ரத்தம் அங்கே தேங்கி உறையும். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் இந்தக் கோளாறு இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்க. துடிப்பு ஒழுங்கில்லையென்றால் ஈ.சி.ஜி. எடுக்கணும். உறையாமல் தடுக்க மாத்திரை உண்டு.

பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே பக்கவாதம் வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காம சொல்லுங்க. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் குடும்ப வழியாக வரலாம். அவற்றுக்கான மாத்திரைகளை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே கொண்டுவருகிறது. வாங்கும்போது நாடியையும் பார்க்கச் சொல்லுங்க.