இரண்டு நொடியில் எவ்வளவு தூரம்?

"சாலையில் கவனமாகப் போங்கள்" என்று தினமும் சொல்கிறோம். பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். வாசலைத் தாண்டியதும் அரட்டை, எதிர்ப்பக்கப் பெட்டிக்கடை, உருண்டோடும் பந்து! (கைபேசியோடு வெளியேறும் நாமும் இதில் சேர்த்திதான்.) வாயால் சொல்லிப் பதியாததை மைதானத்தில் காட்டலாம்.

மாணவர்களை இருவர் இருவராக நடக்கவிடுங்கள். நீங்கள் ஓரமாக நின்று அவ்வப்போது சிவப்பு அட்டையை உயர்த்துங்கள். முதல் சுற்றில் பேச்சு கூடாது. இரண்டாம் சுற்றில், பார்த்த படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே நடக்கட்டும். அட்டை எத்தனை முறை உயர்ந்தது என்று கேளுங்கள். என் ஏழாம் வகுப்பில் ஒருவன், "நீங்க தூக்கவே இல்ல சார்" என்று சாதித்தான்.

அடுத்தது கணக்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து நொடிக்குச் சுமார் 11 மீட்டர் கடக்கும். நண்பனைத் திரும்பிப் பார்க்கும் இரண்டு நொடியில் 22 மீட்டர். அந்த நீளத்தை அளந்து, மாணவர்களையே சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லுங்கள். தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு வேண்டாம். கோட்டின் நீளத்தை நடந்து பார்த்தால் போதும்.

மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமின்றி வருகின்றன. காதை மட்டும் நம்பிக் கடக்க முடியாது. வலம், இடம், மீண்டும் வலம் என்று கண்ணால் பார்க்கப் பழக்குங்கள்.

மழைக்காலத்தில் இதே பயிற்சியைக் குடையோடு ஒருமுறை செய்யுங்கள். குடையைச் சாய்த்துப் பிடித்தவர்களுக்கு அட்டையே தெரியாது.