பிள்ளைகளின் ஜீவனாம்சம்: பாக்கி வைத்தால்?
தலாக்கோ குலாவோ, பிரிவது கணவன் மனைவிதான். பிள்ளைகளின் நஃபகா தகப்பன் மீது கடமையாகவே நிற்கிறது (அல்குர்ஆன் 2:233). 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, 'இரண்டு வயதோடு பொறுப்பு முடிந்தது' என்பார்கள் சிலர். அது தவறு என்று நூர் சபா காத்தூன் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை மேஜராகும் வரை அல்லது சொந்தமாகச் சம்பாதிக்கும் வரை, மகளுக்குத் திருமணம் வரை, வசதியுள்ள தகப்பன் கொடுக்க வேண்டும்.

நீதிமன்றம் உத்தரவிட்ட தொகையைக் கட்டாவிட்டால், பி.என்.எஸ்.எஸ். 144-ஆம் பிரிவின்படி வாரண்ட் போட்டு வசூலிக்கலாம். அப்படியும் தீராவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறை சென்று வந்தாலும் கடன் தீராது.

தாய்மார்களே, தவணை தவறிய ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஜமாஅத்தில் பேசிப் பேசியே கெடுவைத் தவறவிடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. அழைக்க: 15100.