மேன்ஹோலைத் திறந்து பார், தம்பி

அன்புத் தம்பிக்கு,

சித்தேரியிலிருந்து மலையிறங்கி, அரூர் பஸ் பிடித்துப் படித்த பிள்ளை கெமிக்கல் ஆலையில் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பரின் பொறுப்பேற்றிருக்கிறாய் என்றதும் மனம் நிறைந்தது. எந்த வகை நல்லது என்று கேட்டிருந்தாய். வருவது தூசியா, வாயுவா? அதை முதலில் பார்.

வாசல் பெருக்கும் முன் உங்கள் அம்மா தண்ணீர் தெளிப்பாரே, ஸ்ப்ரே டவர் அந்த வேலையைத்தான் செய்கிறது. பெருந்தூசி அடங்கும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய தூளோ பெரிய துளியைச் சுற்றிக்கொண்டு காற்றோடு போய்விடும். அதற்கு வென்சுரி வேண்டும். குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுத்துத் தண்ணீரைப் பொடிப்பொடியாக உடைக்கும். தூள் அதில் மோதி மாட்டிக்கொள்ளும். கரண்ட் செலவு அதிகம்தான். அமில ஆவிக்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் பேக்டு டவர். உள்ளே நிரப்பிய வளையங்களை நனைத்தபடி காஸ்டிக் சோடாக் கரைசல் இறங்க, வாயு எதிரே ஏறும். தூசியை அதற்குள் விடாதே, அடைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வந்தால் முன்னால் வென்சுரி, பின்னால் பேக்டு டவர்.

நான் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையின் பேக்டு டவரில் பம்ப் ஓடியது, லாக் புக்கில் பிஎச் 9, காஸ்டிக் போதும் என்றே தோன்றியது. ஆனாலும் புகைபோக்கிப் பக்கம் மூக்கு எரிந்தது. ஷட்டவுனில் டவரின் மேன்ஹோலைத் திறந்தோம். ஒரு பக்கத்து வளையங்கள் ஈரமே படாமல் வெளுத்துக் கிடந்தன. அந்தப் பக்கத்து நாசில்களின் வாயில் உப்பு கல்லாகப் பிடித்திருந்தது. பம்ப்பின் ஆம்ப்பியர் வாரக்கணக்காக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தினமும் எழுதிய நாங்களே அதைப் படிக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

ஸ்க்ரப்பர் இருந்தால் மட்டும் போதாது. போபால் விபத்தைப் பற்றி நீ படித்திருப்பாய். 1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் டேங்கிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. அங்கும் காஸ்டிக் ஸ்க்ரப்பர் இருந்தது. ஆனால் ஓட்டத்தில் இல்லை, ஸ்டாண்ட்பையில் வைத்திருந்தார்கள். ஓடியிருந்தாலும் அத்தனை வாயுவைத் தாங்கும் அளவுக்கு அதைக் கட்டவில்லை. மிச்சத்தை எரிக்க வேண்டிய ஃப்ளேர் டவரும் குழாய் மாற்றக் கழற்றிக் கிடந்தது. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது, தம்பி.

உன் ஆலையில் அடுத்த ஷட்டவுன் எப்போது? பெர்மிட் வாங்கி, கேஸ் டெஸ்ட் எடுத்து, வெளியே ஓர் ஆளை நிறுத்திய பிறகே தலையை உள்ளே நீட்டு. எந்தெந்த வளையங்கள் காய்ந்திருக்கின்றன என்று படம் வரைந்து எனக்கு அனுப்பு. அதை வைத்து அடுத்த கடிதத்தில் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்