அஞ்சு அஞ்சு மீட்டராய் நிலாவில் நடந்த பிரக்யான்



சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தி நிலாவில் மொத்தம் எவ்வளவு தூரம் ஓடியது தெரியுமா? 101.4 மீட்டர். அவ்வளவுதான்! நம் பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடுகிற அக்காக்கள் அதைக் கால் நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பிரக்யானுக்குப் பத்து நாள் ஆனது. "சுமார் 600 கோடி ரூபாய் செலவு பண்ணி நூறு மீட்டர்தானா?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

என் நோட்டிலிருந்து

2023-இல் நாளிதழில் வந்த செய்திகளை ஒரு பழைய நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வந்தேன். அதன் சுருக்கம்:

ஜூலை 14: பகல் 2.35 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 புறப்பட்டது.
ஆகஸ்ட் 23: மாலை 6.04 மணி. விக்ரம் தரையிறங்கியது.
ஆகஸ்ட் 24: விக்ரமின் சாய்தளம் வழியாகப் பிரக்யான் உருண்டு இறங்கியது.
ஆகஸ்ட் 25: 8 மீட்டர் நகர்ந்துவிட்டது என்று இஸ்ரோ அறிவித்தது.
ஆகஸ்ட் 27: எதிரே 4 மீட்டர் அகலமுள்ள பள்ளம்! பிரக்யான் 3 மீட்டருக்கு முன்பே நின்று, வேறு வழியில் திரும்பியது.
ஆகஸ்ட் 29: நிலா மண்ணில் கந்தகம் இருப்பது உறுதியானதாக அறிவிப்பு.
செப்டம்பர் 2: 100 மீட்டரைத் தாண்டியது. அன்றே உறக்க நிலைக்கு அனுப்பினார்கள்.
செப்டம்பர் 22: எழுப்பிப் பார்த்தார்கள். பதில் இல்லை.

இரண்டாவது வாய்ப்பு

இது முதல் பிரக்யான் அல்ல. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-இன் விக்ரம் கடைசி நேரத்தில் நிலாவில் மோதிவிட்டது. அதற்குள் இருந்த பிரக்யான் ஒரு அங்குலம்கூட உருளாமலே போய்விட்டது. அதனால் இரண்டாவது தடவை ஒரு சின்னப் பள்ளத்தில்கூட விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் தூக்கிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

ஏன் இவ்வளவு மெதுவாக?

பிரக்யான் 26 கிலோ எடை, ஆறு சக்கரம், மேலே ஒரு சூரிய மின்தகடு. வேகம் நொடிக்கு 1 செ.மீ. முன்பக்கம் இரண்டு கேமராக்கள்தான் அதற்குக் கண். அவை எடுத்த படம் முதலில் விக்ரமுக்குப் போகும். விக்ரமிலிருந்து 3,84,000 கி.மீ. கடந்து, பெங்களூருக்குப் பக்கத்தில் பயலாலுவில் உள்ள பெரிய ஆன்டெனாவுக்கு வரும். அந்தப் படங்களை வைத்து மேடு பள்ளம் காட்டும் வரைபடம் தயாரிப்பார்கள். அதில் 5 மீட்டர் தூரம் வரைதான் தெளிவாகத் தெரியும். அதனால் ஒரு தடவை கட்டளை அனுப்பினால் அதிகபட்சம் 5 மீட்டர்தான் போகலாம். மறுபடியும் படம், வரைபடம், ஆலோசனை, கட்டளை. இப்படியேதான் 101 மீட்டரும்!

எங்கம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை செய்கிறார். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்துத்தான் ஒவ்வொரு பீஸையும் பேக்கிங்குக்கு விடுவார். "ஒரு பீஸு தப்பிச்சுப் போனாலும் மொத்த லாட்டும் திரும்பி வந்துரும் கண்ணு" என்பார். பெங்களூரில் இருந்தவர்கள் செய்ததும் இதே செக்கிங்தான். ஆனால் நிலாவிலிருந்து எதுவும் திரும்பி வராது.

செவ்வாயிலும் இதே கதைதான். 2004-இல் நாசாவின் ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி என்ற இரட்டை ஊர்திகள் அங்கே இறங்கின. 90 நாள் ஓடினால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். ஆப்பர்ச்சுனிட்டியோ 2018 வரை உழைத்து, 45 கி.மீ. ஓடியது. ஸ்பிரிட் 2009-இல் பொலபொலப்பான மணலில் சக்கரம் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. ஊர்திக்குப் பெரிய எதிரி மண்தான்!

நம்ம கொங்கு மண்

அந்த நிலா மண்ணில் ஓட முன்கூட்டியே பழக வேண்டாமா? சாம்பிள் ஓகே ஆகாமல் கட்டிங் மாஸ்டர் துணியில் கை வைக்க மாட்டார் அல்லவா? அதுபோல இஸ்ரோவுக்கும் ஒரு சாம்பிள் நிலம் தேவைப்பட்டது. அதற்கான பாறை கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதி! அங்கே அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை இருக்கிறது. நிலாவின் வெளிச்சமான மேட்டுநிலங்களும் இந்தப் பாறை வகைதான். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் உதவியுடன் 2012 முதல் சுமார் 50 டன் இஸ்ரோவுக்குப் போனது. அதைப் பொடியாக்கிப் பரப்பி, அதில்தான் சோதனை நடத்தினார்கள்.

நூறு மீட்டரில் கிடைத்தது என்ன?

பிரக்யான் வழியில் 23 இடங்களில் நின்று மண்ணைச் சோதித்தது. அதன் முடிவு 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' என்ற உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வந்தது. 23 இடத்திலும் மண் ஏறக்குறைய ஒரே மாதிரி, இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை. இங்கே பழகிய அதே பாறை இனம்!

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது, பாலில் ஆடை மிதப்பதுபோல எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து உறைந்தன என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். ஆனால் அப்பல்லோ வீரர்கள் 1969 முதல் 1972 வரை மண் எடுத்துவந்தது நிலாவின் நடுப்பகுதியை ஒட்டிய இடங்களில்தான். தென்துருவத்தை நெருங்கி, 69 டிகிரி தெற்கில் நேரடியாகச் சோதித்தது பிரக்யான்தான். அங்கேயும் அதே 'ஆடை' இருந்தது. ஆகவே அந்தக் கருத்துக்கு வலு கூடியது. இந்த நூறு மீட்டர் அதற்குத்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

★ பிரக்யான் ஒரு நிலாப் பகலுக்காக, அதாவது நமது 14 நாட்களுக்காக மட்டுமே செய்யப்பட்டது. இரவுக் குளிர் அங்கே மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போகும். ஆகவே எழாமல் போனது தோல்வி அல்ல. கொடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் தூங்கியது.

★ சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக் டிப்ளமோ படித்து, பிறகு பொறியியல், கடைசியில் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை போனவர். பத்தாவது முடித்து 'பாலிடெக்னிக்தானே' என்று தயங்குகிற அண்ணன்கள் கவனிக்கவும்! அவரும் படிப்படியாகத்தான் போனார்.

செய்து பாருங்கள்

கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர் நீளம். பிரக்யான் வேகத்தில், நிற்காமல், ஒரு ஸ்டம்பிலிருந்து மறு ஸ்டம்புக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும்? கணக்குப் போட்டு, முடிந்தால் மதிய இடைவேளையில் நடந்தும் பாருங்கள். பொறுமை என்றால் என்ன என்று கால் வலிக்கும்போது தெரியும்!

(விடை: சுமார் 33½ நிமிடம்)

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி